பூவாடைக்கு ஓர் அட்டை விளக்கு

அண்ணி,

உங்களைச் சாக்கில் கட்டி வாசலில் வைத்திருந்தார்கள்.

இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை. முதல் ஷிஃப்ட் முடித்துச் செய்யாற்றிலிருந்து வண்டியில் வந்து இறங்கினேன். கேட்டுக்கு வெளியே, மின்கம்பத்தடியில், நூல் வரும் வெள்ளைச் சாக்கு ஒன்று. வாயைச் சணலால் இறுக்கிக் கட்டியிருந்தது. கட்டுக்கு மேலே, உடைந்த வளையல் துண்டுகள் ஒட்டிய ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வாலை இந்த ஆரணி வட்டாரத்தில் வேறு யாரும் செய்திருக்க முடியாது. செய்யவும் மாட்டார்கள்.

சாக்கைத் தூக்கினேன். கனமே இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. நீங்கள் இந்த வீட்டில் இருந்த காலம் முழுக்கச் செய்ததெல்லாம் ஒற்றைக் கைக்கு அடங்கிவிட்டது. சணலை அறுத்ததும் பழைய அட்டை வாசனையும் காய்ந்த பசை வாசனையும் வந்தன. கூடவே கொஞ்சம் தேங்காய் எண்ணெய். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு அட்டை வெட்ட உட்காருவீர்களே, அது.

சாக்கோடு வீட்டுக்குள் போனேன். பெரிய மாமா நாற்காலியில் காபி குடித்துக்கொண்டிருந்தார். அம்மா துடைப்பத்தோடு நின்றாள்.

"எதுக்குடா அத மறுபடியும் உள்ள தூக்கினு வர? காலைல குப்ப வண்டி வரும்" என்றாள்.

"யார் கட்டினது?"

"நான்தான். நாளைக்கு சேத்துப்பட்டுலருந்து பொண்ணு வூட்டுக்காரங்க வராங்க. மூத்தவ தொங்க வுட்டதெல்லாம் அப்படியே தொங்கினு கெடந்தா இன்னா நெனப்பாங்க?"

மூத்தவ. நீங்கள் செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் உங்களுக்கு இந்தப் பெயர். இன்னொருத்தி வருமுன்பே நீங்கள் மூத்தவளாகிவிட்டீர்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் மறுபடி கல்யாணம் செய்துகொள்வதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. செய்துகொள் என்று முதலில் சொன்னவனே நான்தான். தறியும் சோறும் தூக்கமுமாக ஒரு மனிதன் எத்தனை நாள் ஓட்டுவான்? அது வேறு. சுவரைக் காலி செய்வது வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முன்னறைச் சுவரைப் பார்த்தேன். நான் போட்ட ஸ்க்ரூ மட்டும் வரிசையாக நின்றது.

நீங்கள் வந்தவாசிப் பக்கத்து மணிலாக் கடலைக் காட்டிலிருந்து எங்கள் சேவூருக்கு வந்தவர். தறிச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று வந்த புதிதில் சொன்னீர்கள். அப்போது எங்கள் முன்னறையில் இருந்தவை அப்பா படம், அதற்குமேல் சிவப்பு பல்பு, நூல் கடைக் காலண்டர், டிவி. இதற்கு மேல் ஓர் ஆணி அடிக்க அம்மா விட்டதில்லை. சுவர் பெயர்ந்துவிடுமாம். நீங்கள் கொண்டுவந்த சீர்ப் பாத்திரங்கள் பரணில் ஏறிவிட்டன. உங்கள் கை பட்டது என்று சொல்ல அந்த அறையில் ஒரு பொருள் இல்லை. இதை நீங்கள் யாரிடமும் புலம்பவில்லை. என்னிடம் வந்து, "தம்பி, உன் மிஷின்ல சுவத்துல ஓட்ட போட்டா பூச்சு உதுருமா?" என்று மட்டும் கேட்டீர்கள். உதிராது என்றேன். அம்மா கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்து ஒரு வரிசைத் துளை போட்டு, பிளக் செருகி, ஸ்க்ரூ முறுக்கிக் கொடுத்தேன்.

அம்மா வந்தாள். "யாருடி சுவத்த தொளச்சது?"

"உங்க சின்ன புள்ளதான் அத்த. இன்ஜினியரு சொல்லும்போது நான் வேணாம்னா சொல்ல முடியும்?"

டிரில்லைக் கையில் பிடித்தபடி நான் நின்றேன். நீங்கள் அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டீர்கள்.

அண்ணன் தறிக்கு, புடவையில் டிசைன் விழவைக்கும் மின்னணு ஜக்கார்டு மாட்டிய வருஷம்தான் எல்லாம் ஆரம்பித்தது. டிசைன் பென் டிரைவில் வர ஆரம்பித்ததும், துளை போட்ட பழைய ஜக்கார்டு அட்டையெல்லாம் கழற்றிப் பின்கட்டில் மலையாகக் குவிந்தது. அட்டை போனதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. மழைக்காலத்தில் நமுத்துப்போய் டிசைனையே தப்பாக்கும் சனியன் அது. உங்களுக்கும் வருத்தமில்லை. எடைக்கு எடுக்கிறவர் வந்து நின்றபோது நீங்கள் ஒன்றை எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தீர்கள். "ஓட்ட நல்லா கீது. இது எனக்கு" என்று குவியல்மேல் உட்கார்ந்துவிட்டீர்கள். அந்த ஆள் பேஜாராகி வெறும் பழைய இரும்போடு போனார்.

அந்த அட்டைகளை வட்டமாக அடுக்கி நூலால் தைத்து விளக்குக் கூண்டு செய்தீர்கள். உள்ளே போட்டதோ பழைய குண்டு பல்பு! தீபாவளிக்கு மறுநாள் புகை வாசனை வந்து நான் ஓடி மெயினை அணைத்தேன். என்ன கத்து கத்தினேன் அன்றைக்கு. அட்டை எந்தச் சூட்டில் கருகும், பல்புக்கும் அட்டைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும், எல்லாம் சொன்னேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "எரிஞ்சது அட்டதான, வூடு இல்லியே? சரி, எரியாத லைட்டா நீயே போடு" என்றீர்கள். போட்டேன். எல்.இ.டி., அடாப்டர், சின்ன ஸ்விட்ச்.

விளக்கைப் போட்டதும் சுவர் முழுக்கப் புள்ளி புள்ளியாக வெளிச்சம். நான் சும்மா இருக்கவில்லை. ஒவ்வோர் அட்டையும் புடவையில் ஓர் ஊடை இழைக்கானது, நீங்கள் வரிசை மாற்றித் தைத்திருக்கிறீர்கள், டிசைன் குழம்பிவிட்டது, பார்டர் மாங்காயில் ஒன்றுகூட முழுசாக வராது என்றேன்.

"பொடவையில கீற மாங்கா ஊரு பூரா கீது தம்பி. இந்த மாதிரி ஒடஞ்ச மாங்கா எவ வூட்ல கீது?"

நான் ஸ்விட்சை அணைத்து இன்னொரு தடவை போட்டேன்.

அதற்குப் பிறகு நீங்கள் எதையும் விட்டுவைக்கவில்லை. நூல் தீர்ந்த அட்டைக் கோனை வளையம் வளையமாக அறுத்து வாசல் திரை. முட்டை அட்டையை ஊறவைத்து அரைத்து, கிண்ணத்தின்மேல் அப்பிக் காயவைத்துப் பூச்சட்டி. பிரிந்துபோன ஜரிகைத் துண்டையும் கிழிந்த பாவாடையையும் பின்னிக் கதவுக்கு மாலை. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, குப்ப வண்டி உன் வூட்டுக்குள்ளயே வந்துடுச்சா?" என்று கேட்டது நினைவிருக்கிறதா? "ஆமாக்கா, உங்க வூட்டு கோனயும் குடுங்க, ஏத்திக்கறேன்" என்றீர்கள். மறுநாள் அந்த அக்காவே ஒரு பை நிறையக் கோன் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

செல்போனில் வரும் கைவேலை வீடியோக்களை உங்களோடு உட்கார்ந்து நானும் பார்த்திருக்கிறேன். ஒரு காலி பாட்டிலை அலங்கரிக்க அவர்கள் தங்கப் பெயின்ட், முத்து, லேஸ், பசைத் துப்பாக்கி எல்லாம் கடையில் வாங்குவார்கள். நீங்கள் சிரிப்பீர்கள். "கடைக்குப் போய் வாங்கினா அது செலவு தம்பி, அலங்காரம் இல்ல." பசையைத் தவிர எதையும் காசு கொடுத்து வாங்கக் கூடாது என்பது உங்கள் சட்டம். பசையும் பாதி நாள் மைதாக் கஞ்சிதான். எறும்பு வரும் என்று நான் கத்துவேன். எறும்பு வரும். நீங்கள் மயில்துத்தம் கலப்பீர்கள்.

அப்புறம் அந்த மயில். உடைந்த வளையலும் கீறல் விழுந்த சி.டி.யும் ஒட்டிச் சுவரில் மாட்டினீர்கள். கழுத்து நீளம், கால் குச்சி, உடம்பு ஒட்டிப்போனது. நான் வேலை பார்ப்பது தரப் பரிசோதனையில். வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். "அண்ணி, இது மயில் இல்ல, கொக்கு" என்றேன்.

"கொக்குனா கொக்கு. நம்ம ஏரில மயிலா நிக்குது?"

அன்றிலிருந்து அதற்குப் பெயர் கொக்கு. நீங்கள் செய்ததில் பாதியை நான் தேற விட்டிருக்க மாட்டேன். இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்கிறேன். செத்துப்போனதால் கொக்கு மயிலாகிவிடாது. ஆனால் ஒரு பொருள் தேறுமா தேறாதா என்பது ஒரு கேள்வி. அதைச் செய்தவள் இந்த வீட்டில் இருந்தாளா இல்லையா என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதில் பொய் சொல்ல நான் விட மாட்டேன்.

தலை வலிக்கிறது என்று படுத்தீர்கள். வேலூர் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்திருந்தது. மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். இதில் யாரைக் குற்றம் சொல்வது? எதையாவது பழுது பார்த்தே பழகிய எனக்கு அந்த ஒரு நாள் செய்ய ஒரு வேலையும் இல்லை.

சனிக்கிழமைக்கு வருகிறேன். சாக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மாட்ட ஆரம்பித்தேன். மாமா காபித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"டேய், பொண்ணு வூட்ல ஒத்துக்கினு வரதே பெரிய விஷயம். செத்தவளோட சாமானப் பாத்தா அந்தப் பொண்ணுக்கு எப்படி இருக்கும்? கொஞ்சம் யோசிடா."

"யோசிச்சிட்டேன் மாமா. ரெண்டாம் தாரம்னு தெரிஞ்சுதான வராங்க? முதல் தாரம் ஒண்ணு இருந்துச்சுன்னு தெரிஞ்சா என்ன?"

"வாய் மட்டும் ஜல்தியா வரும் இவனுக்கு."

தறியை நிறுத்திவிட்டு அண்ணன் வந்து வாசற்படியில் நின்றான். சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். "எடுத்துடுடா. அதப் பாத்தா எனக்கு சோறு எறங்கல" என்றான்.

ஒரு நிமிஷம் கை நின்றது. பிறகு, "அப்ப திரும்பி உக்காந்து சாப்பிடு" என்று சொல்லிவிட்டுக் கொக்கை மாட்டினேன். கொடூரமாகத் தோன்றலாம். அவனுக்குச் சோறு இறங்க வேண்டும் என்பதற்காக நீங்கள் இல்லாமலேயே போக முடியாது. அண்ணன் தறிக்குப் போனான். அன்றைக்குத் தறிச் சத்தம் விட்டு விட்டுத்தான் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பெண்ணின் அப்பா, சித்தி, அந்தப் பெண். முதல் கல்யாணம் கோர்ட்டில் விவாகரத்தில் முடிந்தவர் என்று மாமா சொல்லியிருந்தார். அதிகம் பேசவில்லை. உட்கார்ந்ததிலிருந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வேகவேகமாகப் பலகாரத் தட்டை நீட்டினாள்.

சித்திதான் கேட்டார். "இதெல்லாம் யாருங்க செஞ்சது? புதுசா கீதே."

நான் வாயைத் திறக்குமுன் மாமா முந்திக்கொண்டார். "எல்லாம் இந்தச் சின்னவன் வேலைங்க. லீவுல சும்மா எதனா பண்ணினு இருப்பான்."

அண்ணி, சாக்கில் கட்டியதைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. இதை முடியவில்லை. குப்பையில் போட்டால் பொருள்தான் போகும். உங்கள் கையை வெட்டி என் தோளில் ஒட்டினால்?

"நான் இல்லீங்க" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. "எங்க அண்ணி செஞ்சது. எங்கண்ணனோட முதல் சம்சாரம். போன வருஷம் தவறிட்டாங்க. இது அவங்க செவுரு."

பெண்ணின் அப்பா வாய்க்குக் கொண்டுபோன மிக்சரைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அம்மாவின் பார்வையில் என்னைப் பொசுக்கிவிடும் சூடு இருந்தது. கல்யாணம் போச்சு என்றே நானும் நினைத்தேன். போனால் போகட்டும் என்றுதான் நின்றேன்.

அந்தப் பெண் கையை நீட்டினார். "அது இன்னாங்க, மயிலா?"

அண்ணன் பேசினான். சுவரைப் பார்த்தே பேசினான், இத்தனை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

"மயிலுதான். ஆனா கொக்குன்னு சொல்லுவோம்."

"அப்படித்தான் கீது" என்றார் அவர்.

அண்ணன் சிரித்துவிட்டான். சிரிப்பா அழுகையா என்று கேட்காதீர்கள், எனக்குச் சரியாகத் தெரியவில்லை. மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனான். அவர்கள் போகும்போது அந்தப் பெண் என்னிடம் வந்து, "செவுரு அவங்களுதுனா அவங்களுதாவே இருக்கட்டும். எனக்கு இன்னொரு பக்கம் வேணும்" என்றார். வேண்டுகோள் மாதிரி இல்லை, கணக்குப் பேசுகிற மாதிரி இருந்தது. எனக்குப் பிடித்தது. "எடுத்துக்குங்க" என்றேன்.

கல்யாணம் முடிவாகிவிட்டது. அப்படியென்றால் அடுத்தது என்ன என்று உங்களுக்கே தெரியும். தாலியோடு செத்துப்போன பெண் ஒருத்தி வீட்டில் இருந்தால், கல்யாணத்துக்கு முன்னால் அவளைப் பூவாடைக்காரியாக அழைத்து, புதுப் புடவை வைத்துப் படைக்க வேண்டும். அவள் மனம் கோணினால் கல்யாணம் கோணும். சித்தப்பா மகள் கல்யாணத்தில் எங்கள் அத்தைக்குப் படையல் போட்டபோது நீங்கள்தான் மாவு இடித்தீர்கள். இடித்துக்கொண்டே என் காதில், "செத்தவங்களுக்குப் பட்டு. இருக்கறவளுக்கு ஒட்டுப் போட்ட நைட்டி. நல்லா கீது நாயம்" என்றீர்கள். அம்மா காதிலும் விழுந்து அன்று பெரிய ரகளை.

போன வெள்ளிக்கிழமை உங்களுக்குப் படையல். நடுவீட்டைக் கழுவிக் கோலம் போட்டு, மஞ்சள் தண்ணீர்ச் சொம்பு, வளையல், பூ, வெல்லம் பிசைந்த பச்சரிசி மாவு. நடுவில் புதுப் பட்டுப் புடவை. அண்ணன் தறியில் நெய்ததுகூட இல்லை, கடையில் எடுத்தது. நான் சுவரிலிருந்து அட்டை விளக்கை இறக்கிக் கொண்டுவந்தேன்.

"அத எங்க கொண்டாற?" அம்மாவின் குரல் உயர்ந்தது. "பூவாடைக்குப் புதுசுதான் வெக்கணும். பழசு வெச்சா கோவிச்சுக்குவா."

"அவங்களுக்குப் புதுசு வெச்சாதான்மா கோவம் வரும். உயிரோட இருந்தப்ப கடையில வாங்கின ஒரு பொருள அவங்க மதிச்சாங்களா?"

மாமா, "டேய், அவ சாமியாயிட்டாடா. பழையபடி பேசாத" என்றார்.

"சாமியானா புடிச்சது மாறிடுமா மாமா?"

அம்மாவைப் பார்த்தேன். விளக்குப் பக்கம் கண்ணைத் திருப்பாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் புரிந்தது, அம்மா உங்களை வெறுக்கவில்லை. உங்களுக்குப் பயப்படுகிறாள். ஆணி அடிக்க விடாதது, குப்பைக்காரி என்று ஏசியது, எல்லாவற்றுக்கும் நீங்கள் திரும்பி வந்து கணக்குக் கேட்பீர்கள் என்று நினைக்கிறாள். சுவரில் உங்களைப் பார்க்கப் பயந்து சாக்கில் கட்டியிருக்கிறாள். இப்போது பட்டைக் காட்டி உங்களைச் சமாதானப்படுத்தப் பார்க்கிறாள்.

எனக்குப் பேயிலும் நம்பிக்கை இல்லை, பூவாடையிலும் இல்லை. ஆனால் அம்மாவுக்கு இருக்கிறது. அதனால் அவள் மொழியிலேயே சொன்னேன். "அவங்க செஞ்சத மதிச்சா ஒண்ணும் பண்ண மாட்டாங்கம்மா." ஒயரை இழுத்து, புடவைக்குப் பக்கத்தில் விளக்கை வைத்து ஸ்விட்சைப் போட்டேன். புதுப் பட்டின் மேல் புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழுந்தது. யாரும் எடுக்கச் சொல்லவில்லை. கற்பூரம் காட்டும்போது அம்மா மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள்.

"கொஞ்சம் தள்ளி வையிடா. பொடவ கருகிடப் போவுது."

"கருகாதும்மா. எல்.இ.டி."

"தள்ளி வையின்னா வையேன்."

விரற்கடை அளவுக்குத் தள்ளி வைத்தேன். அதற்கு மேல் இல்லை.

படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட்டார்கள். புடவையை அம்மா மடித்து எடுத்துக்கொண்டாள். அது வந்த அட்டைப் பெட்டி, கண்ணாடித்தாள் மூடி, மடிப்புக்குள் வைத்திருந்த வழவழப்பான தாள் எல்லாம் தரையில் கிடந்தன. அம்மா அவற்றைப் பொறுக்கினாள். நேராக என்னிடம் வந்து மடியில் போட்டாள். "இந்தா, இதயும் தூக்கினு போ. எனக்கு வூடு பெருக்கணும்" என்றாள். கோபத்தில் சொன்னாளா என்று தெரியவில்லை. குப்பைக் கூடை அவள் காலடியிலேயே இருந்தது.

அந்தப் பெட்டி இப்போது என் மேஜையில் இருக்கிறது. கத்தி, ஸ்கேல், மைதாக் கஞ்சி எல்லாம் தயார். என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை. எனக்கு உங்கள் கை கிடையாது. நான் வெட்டினால் எல்லாம் நேர்க்கோடாக, அளவாக, பார்க்கச் சகிக்காமல் வரும். வரட்டும். அதைக் கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் சுவரில் மாட்டுவேன். வருகிறவர்கள் கேட்பார்கள், இந்த வீட்டில் யாருக்கு இந்தப் பழக்கம் என்று. உங்கள் பெயரைச் சொல்வேன். புதுப்பெண் பக்கத்தில் நிற்கும்போதே சொல்வேன்.